மாத்தளை ஹவுலில் மூச்சடக்கியது

மாத்தளையில் கடல் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பேன், என் அக்கா, லாத்தா என்போம், வாழ்க்கைப்பட்ட ஊர் அது. ஆனால் இடுப்புக் கயிற்றையும் சங்கு அள்ளிப் போடுகிற வலைப்பையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

கீழக்கரையில் சங்கு குளித்தவன் நான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. இலங்கைக்குக் கப்பல் ஓடின காலம் அது. அங்கிருந்து வந்த வியாபாரி ஒருவர் மச்சான் சொன்னதாக ஒரு வார்த்தை கொண்டுவந்தார். "தண்ணிக்குள்ள ஒரு வேலை கெடக்கு. நீங்க வந்தாத்தான் ஆகும்." மச்சான் கரீம் என் லாத்தாவின் மாப்பிள்ளை. மாத்தளைக் கடைத்தெருவில் படம் பிடிக்கிற கடை வைத்திருந்தார். படக்கடைக்காரருக்குத் தண்ணீருக்குள் என்ன வேலை? ஆற்றில் ஆள் விழுந்திருக்கும், இல்லாவிட்டால் பெட்டி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உம்மா மட்டும், "ஆள் விழுந்தா அங்கேயே தூக்க மாட்டாங்களா? இங்கேருந்து நீ போற வரைக்கும் அது மொதந்துக்கிட்டா இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் மூட்டை கட்டியாகிவிட்டது.

மூட்டையில் லாத்தாவுக்காகக் கருவாடு இருந்தது. அதோடு மாத்தளை பஸ்ஸில் ஏறியது என் புத்தி. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "உங்க கடலைத் தூக்கி மேல கட்டச் சொல்றாருங்க." மேலே கட்டினார்கள். பாதி வழியில் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போய்விடும். இந்த மழை சொல்லாமல் வந்து, இறங்குகிற இடம் வரைக்கும் கூடவே வந்தது. வீட்டில் மூட்டையைப் பிரித்த லாத்தா, "ஏன் தம்பி, கருவாடு கேட்டா மீனாவே கொண்டாந்திருக்க" என்றார்.

அன்றைக்குத் தேங்காய் ரொட்டியும் மிளகாய்க் கட்டைச் சம்பலும் ஈரப்பலாக் கறியும். அந்தச் சம்பலை அம்மியில் வைத்து லாத்தா நசுக்குகிற சத்தத்திலேயே எனக்கு வாய் ஊறியது. அம்மிக் குழவியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு வேலை வருகிறது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்னால் போனால், மலையிலிருந்து வருகிற பீலியில் தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்த ஆளில்லை. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிற ஊர்க்காரன் நான். இரண்டு முறை போய் அதை அடைக்கப் பார்த்தேன். லாத்தா தலையில் அடித்துக்கொண்டார்.

"மச்சான், வேலை எங்கே?" என்று கேட்டேன்.

அசர் தொழுகைக்கு, சாயங்காலம், பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார். தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்கிற தொட்டி அங்கே முற்றத்து ஓரத்தில் இருந்தது. ஹவுல் என்போம். இடுப்பளவு தண்ணீர், சுவரெல்லாம் பாசி. கட்டின கொத்தனார் யாரோ உடைந்த பீங்கான் தட்டுத் துண்டுகளைச் சுவரில் பதித்திருந்தார். விரல் நீளப் பொடி மீன்கள் கூட்டமாகத் திரிந்தன. சிங்களத்தில் பெத்தியா என்கிற மீன்.

"இதுக்குள்ள என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழலை. சுவரைப் பாருங்க."

பார்த்தேன். பாசியிலும் பீங்கானிலும் கண்ணாடி நூல் மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. நூலைத் துண்டு துண்டாக நறுக்கினால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். விரலைக் கிட்டே கொண்டுபோனால் சுண்டிக்கொண்டு வேறு இடத்தில் போய் ஒட்டியது.

கதை இதுதான். மச்சானின் வாப்பா கொசுக்கடிக் காய்ச்சலில் மவுத்தானவர். அவர் பேருக்கு ஒரு சதக்காவாக, தருமமாக, இருக்கட்டும் என்று, ரிவர்ஸ்டன் பக்கத்து ஓடையிலிருந்து வாளியில் மீன் கொண்டுவந்து ஹவுலில் விட்டிருந்தார் மச்சான். கொசுப்புழுவை மீன் தின்னும், தண்ணீர் சுத்தமாக இருக்கும், ஒவ்வொருவர் ஒளுச் செய்யும்போதும் வாப்பாவுக்கு நன்மை போகும். நல்ல எண்ணம். மீனும் நன்றாக வாழ்ந்து குஞ்சு பொரித்தது. அங்கேதான் வம்பு. பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கிற ஹாஜியார் ஒருநாள் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் அள்ள, நாக்கில் ஏதோ நெளிந்திருக்கிறது. துப்பிவிட்டு, "புழு! கரீமோட மீன் புழு போட்டிருக்கி" என்று முற்றமே அதிரக் கத்தியிருக்கிறார். குழாய் போடுவோம், இந்த மாதக் கடைசி ஜும்ஆ முடிந்ததும் ஹவுலை இறைத்துச் சுரண்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அந்த ஜும்ஆ இந்த வெள்ளிக்கிழமைதான்.

"ஒரு கிளாஸ்ல புடிச்சுக் காட்டினா என்ன?" என்றேன்.

"காட்டாமலா? நாலு பேர் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாங்க. அது ஒரு எடத்துல நின்னாத்தானே? ரெண்டு பேர் மீன்னு சொன்னாங்க, ரெண்டு பேர் புழுன்னு சொன்னாங்க. ஹாஜியார், இது எங்க கெடந்து புடிச்சதோ யார் கண்டான்னுட்டார். அதான் மச்சான், நம்ம ஹவுல் சுவத்துல இருக்கிறபடியே, தண்ணிக்குள்ள வெச்சு, பெருசாப் படம் புடிக்கணும். படம் நெளியாது. நீங்க மூச்சடக்கி உள்ள உக்காந்து கேமராவப் புடிச்சீங்கன்னா—"

பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பயந்த மனிதர். மீனுக்குத் தினம் சோற்றுப் பருக்கை போடுகிறவர், ஹாஜியார் வருகிற சத்தம் கேட்டால் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். அவர் பதறிவிட்டார். "ஹவுலுக்குள்ள எறங்குறதா? என்ன கரீம் செல்றீங்க! ஊரே ஒளுச் செய்ற தண்ணி. கால் நகம் படக் கூடாது."

எட்டுப் பாகம் ஆழத்தில் சங்கு எடுத்தவனைக் கடல் தாண்டி வரவழைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நகம் நனையக் கூடாது என்கிறார்கள். நான் கயிற்றையும் வலைப்பையையும் திரும்ப மூட்டைக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தகர வேலை. மச்சானிடம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னக் கேமரா இருந்தது. சதுர பிஸ்கட் தகரத்தின் ஒரு பக்கத்தை வெட்டிக் கண்ணாடி பதித்து, அதற்குள் கேமராவை வைத்து, தகரத்தின் வாய் மேலே இருக்கும்படி தண்ணீரில் அமுக்கினால் தண்ணீருக்குள் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. கண்ணாடி ஓரம் ஒழுகியது. எங்கள் வத்தைப் படகுக்குப் பூசுகிற மாதிரி குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். ஒழுகல் நின்றது. ஆனால் ஒழுகாத தகரம் முழுகவும் இல்லை. அமுக்க அமுக்க மிதந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாரம் வேண்டும். வீட்டில் கைக்கு அடக்கமான பாரம் ஒன்றுதான் இருந்தது.

"குழவியை எங்கே காணோம்?" என்று லாத்தா அடுக்களையிலிருந்து கேட்டார். நாங்கள் அப்போது தெருமுனையில் போய்க்கொண்டிருந்தோம்.

பள்ளியில் மோதினாரும் சேர்ந்துகொண்டார். வெயில் ஹவுல் பக்கம் சாய்வது நடுப்பகல் லுஹருக்கும் அசருக்கும் நடுவில்தான். மச்சான் கடை முகக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து வெயிலைச் சுவர் மேல் அடிக்கச் சொன்னோம். மனிதர் முகத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணாடியைப் பிடித்தார். தன் முகம் படத்தில் விழுந்துவிடும் என்று பயம். அதனால் வெளிச்சம் ஒருமுறை சுவரில் விழுந்தது, ஒருமுறை மினாராவில் விழுந்தது, ஒருமுறை எதிர்த் தேநீர்க்கடையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த வேலாயுதத்தின் கண்ணில் விழுந்தது. "நானா, தோசைக்கல்லே போதும், உங்க சூரியன் வேணாங்க!" என்று அவர் அங்கிருந்து கத்தினார்.

இவ்வளவு கிட்டத்தில் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியாது என்று மச்சான் சொன்னார். வயசானவர்களுக்கு இருப்பதற்கு நேர்மாறான வியாதியோ, அதே வியாதிதானோ, எனக்கு விளங்கவில்லை. அதற்காகப் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் கண்ணில் செருகிக்கொள்கிற கண்ணாடியை வாங்கி லென்ஸ் முன்னால் மெழுகால் ஒட்டியிருந்தார். அதை வைத்தால் நாலு விரல்கடை தூரத்தில் இருப்பது மட்டும் துலக்கமாக விழும், நூலளவு முன்பின் போனாலும் மசங்கிவிடும். அதனால் தகரத்தின் வெளியே சைக்கிள் கம்பி இரண்டை நீட்டிவிட்டிருந்தார். கம்பி நுனி சுவரைத் தொட்டால் தூரம் சரி. கடை மேசையில் அரிசிமணியை வைத்து அளந்த தூரம் அது.

படங்களைக் கழுவிப் பார்த்தோம். ஒன்றில் புகை. ஒன்றில் நல்ல துலக்கமாக ஒரு காற்றுக் குமிழி. மற்றதெல்லாம் மேகம்.

"கை ஆடிருச்சு மச்சான்" என்றார் அவர் என்னைப் பார்த்து.

"சம்பல் இல்லாம தின்ன கை, ஆடத்தான் செய்யும்" என்றார் லாத்தா. பேசினில் அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையைத் தண்ணீருக்குள் விட்டு எங்களைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, வெரல் எப்படிக் கிட்டத் தெரியுது. அங்க அளந்தா இங்க எப்படிச் சரி வரும்?"

மச்சான் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. வாழ்நாளெல்லாம் தண்ணீருக்குள் சங்கு கிட்டத் தெரிந்து, கை எட்டிப் போய்த்தான் எடுத்திருக்கிறேன். வாய் விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யார் கேட்டார்கள்? அன்றைக்குத் தகரத்தை அரிசிப் பேசினுக்குள்ளேயே இறக்கிக் கம்பியை நீட்டி நீட்டி அளந்தோம். சோறு மிகவும் தாமதமாக வந்தது. கொஞ்சம் குங்கிலிய வாசமும் அடித்தது.

புதன்கிழமை ரிவர்ஸ்டன் போகிற வழியில் உள்ள ஓடைக்குப் போனோம். ஹவுலில் எந்நேரமும் ஆள். பழகுவதற்குத் தனியிடம் வேண்டும் என்றார் மச்சான். ரத்தோட்டை தாண்டியதும் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நின்றோம். கக்கத்தில் தகரம், கையில் குழவி. ஒரு சிங்களக் கிழவி நெடுநேரம் பார்த்துவிட்டு மச்சானிடம் ஏதோ கேட்டார். மச்சான் எனக்குச் சொன்னார்: "கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போறீங்களான்னு கேக்குறாங்க." மீனைப் படம் பிடிக்க என்று மச்சான் சொன்னதும் அந்த அம்மா என் கைக் குழவியைப் பார்த்து, "அடிச்சுட்டா படம் புடிப்பீங்க?" என்று கேட்டாராம்.

மீதித் தூரம் நடந்தோம். தேயிலை மலையெல்லாம் பஞ்சு மாதிரி மூட்டம். குளிரில் என் பல் தந்தியடித்தது. ஓடையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நகம் நனையலாம், ஆளே நனையலாம். சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீரா அது? பல்லில் படுகிற ஐஸ். வெளியே வந்து பார்த்தால் கெண்டைக்காலில் கறுப்பாக ஏழெட்டு. சுறாவை நேருக்கு நேர் பார்த்தவன் நான். அன்றைக்கு அட்டையைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கொழுந்துக் கூடையோடு ஓடிவந்தார்கள். "என்னாங்க, பாம்பா?" என்றாள் ஒருத்தி. அட்டை என்றதும் இன்னொருத்தி, "அய்யோ பாவம், வெளியூரு" என்று சொல்லி, சாக்குத் துணியில் முடிந்துவைத்திருந்த உப்பைத் தேய்த்துவிட்டாள். போகும்போது சிரித்துக்கொண்டே போனார்கள். அது மலை முழுக்கக் கேட்டது.

அப்புறம் நான் தண்ணீருக்குள் இறங்கவில்லை. பாறையில் குப்புறப் படுத்துத் தகரத்தை அமுக்கிப் பிடித்தேன். கேமராவின் பொத்தானில் ஒரு நீள வயரைப் பூட்டி, அதன் நுனியை மச்சான் அமுக்குவார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு ஏறி இறங்கிக் கையும் தகரமும் ஏறி இறங்கின. மூச்சைப் பிடித்தேன். கம்பி நுனி கல்லில் நட்ட மாதிரி நின்றது.

"அப்படியே இருங்க!" என்றார் மச்சான். இருந்தேன். எனக்கு அது ஒரு பெரிய காரியமா? மச்சான்தான் மூச்சு முட்டி முகம் சிவந்து நின்றார். என்னைப் பார்த்துப் பார்த்து அவரும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை மறுபடியும் ஹவுல். வெயில் வருமா என்று எல்லாரும் மேலே பார்த்தோம். வந்தது, அதுவும் கொஞ்ச நேரம்தான் என்கிற மாதிரி. மோதினார் கண்ணாடியைப் பிடித்தார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை, அதனால் வெளிச்சம் நின்றது. பச்சைப் பாசியில் ஒட்டின குஞ்சு கண்ணுக்கே தெரியவில்லை, கேமராவுக்கு எங்கே தெரியும்? நீலப் பூப் போட்ட வெள்ளைப் பீங்கான் துண்டின் மேல் ஒன்று இருந்தது. அதற்கு நேராகத் தகரத்தை மெள்ள இறக்கினேன். கம்பி தொட்டதும் அது சுண்டி ஓடியது. காத்திருந்தோம். வேறொன்று வந்து, பூவுக்குப் பக்கத்தில் வெள்ளையில் ஒட்டியது.

மூச்சைப் பிடித்தேன். "இப்ப" என்று சொல்ல வாய் இல்லை. கால் பெருவிரலை ஆட்டினேன், மச்சான் வயரை அமுக்கினார். ஓடியது, வந்தது, அமுக்கினார். அதற்குள் தொழ வந்த ஒருவர் ஹவுல் விளிம்பில் ஒருவன் கவிழ்ந்து மூச்சில்லாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், மவுத்தா?" என்று என் தோளைப் பிடித்துப் புரட்டினார். தகரம் கவிழ்ந்தது. கேமராவை மச்சான் தாவிப் பிடித்துவிட்டார். குழவியை யாரும் பிடிக்கவில்லை. அது ஹவுலின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"எறங்கி எடுக்கட்டா?" என்று கேட்டேன்.

"நகம் படக் கூடாது" என்றார் மோதினார். மச்சான் அதற்குள் கேமராவோடு கடைக்கு ஓடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மச்சான் கடை இருட்டறை வாசலில் நானும் லாத்தாவும் நின்றோம். உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. மச்சான் ஈரக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களிடம் நீட்டினார். அகலக் காகிதம். ஓரத்தில் பீங்கான் பூவின் ஒரு இதழ். நடுவில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு, கண்ணாடியால் செய்த மாதிரி ஒரு பிள்ளை. முதுகெலும்பு தெரிந்தது, வால் தெரிந்தது. தலையில் கறுப்பாக, முழித்துக்கொண்டு, ஒரு கண்.

"உங்க வாப்பாவுக்கு இப்படித்தான் கண்ணு" என்றார் லாத்தா. மச்சான் அப்போதுதான் சிரித்தார்.

ஆனால் இதைப் பள்ளிக்கு எப்படிக் கொண்டுபோவது? உயிருள்ளதின் உருவப்படம் பள்ளிக்குள் வரக் கூடாது என்பதில் ஹாஜியார் கண்டிப்பானவர். ஹஜ்ஜுக்குப் போகப் படம் இல்லாமல் முடியாது என்று ஒரே ஒரு தடவை மச்சான் கடைக்கு வந்தவர். அதற்கும் கேமராவுக்கு முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாராம். மூன்று தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று மச்சான் சொல்வார்.

ஜும்ஆ முடிந்தது. முற்றத்தில் வாளிகளோடு இரண்டு கூலியாட்கள் தயாராக நின்றார்கள். மச்சான் படத்தைத் துவாலையில் சுற்றிக்கொண்டு பள்ளி வாசற்படிக்கு வெளியே, தெருவிலேயே நின்றார். வெளியே வந்தவர்களெல்லாம் அங்கேயே தேங்கிவிட்டார்கள். கடைசியில் ஹாஜியாரும் வந்தார்.

"என்னத்தப் பொத்திக்கிட்டு நிக்கிறே கரீம்?"

மச்சான் துவாலையை எடுத்தார். ஹாஜியார் படத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார். மறுபடி தள்ளினார். பீங்கான் பூவை விரலால் தடவினார். அது நம் ஹவுல்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சுட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"இத உள்ளுக்கு மட்டும் கொண்டு வந்துராத, செல்லிட்டேன். கண்ணெல்லாம் வெச்ச உருவம். மலக்குமார் வர மாட்டாங்க."

மலக்குமார் என்றது வானவர்களை. எனக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒரு குரல் வந்தது. மோதினார்தான்.

"ஹாஜியார்... புழுவுக்குக் கண்ணு ஈக்குமா?"

ஹாஜியார் அவரைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. எதிர்க்கடையில் வேலாயுதம் தோசைக் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"நான் எப்ப புழுன்னு செல்லினேன்?" என்றார் ஹாஜியார். "வாயில நெளிஞ்சிச்சின்னுதான் செல்லினேன். நெளியாமலா ஈக்கும், மீன்னா?"

முதலில் சிரித்தது யார் என்று எனக்கு நினைவில்லை. கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஹாஜியாருக்கும் உதடு ஓரம் நெளிந்தது. கூலியாட்களைப் பார்த்து, "வாளியெல்லாம் எடுத்துட்டுப் போங்க, என்னத்துக்கு நிக்கிறீங்க?" என்று அதட்டினார். மச்சான் துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்று சொன்னார். வெயில் இல்லை.

படத்துக்கு வீட்டிலும் இடமில்லை. தொழுகிற வீட்டில் கண்ணுள்ள படம் வேண்டாம் என்று லாத்தா சொல்லிவிட்டார். வேலாயுதம் கேட்டு வாங்கி, தன் கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு நாளில் ஹாஜியாரும் அங்கே பிளேன்டீக்கு வர ஆரம்பித்தார். வெளியூர்க்காரர் யாராவது வந்தால் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே, "எங்க பள்ளியில பொறந்தது" என்று கண்ணால் காட்டுவாராம். குழவி ஹவுலுக்குள்ளேதான் கிடந்தது. லாத்தாவுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தோம். பழைய குழவியோடு சம்பலின் ருசியும் போய்விட்டது என்பது லாத்தாவின் கட்சி.

ஊருக்குக் கிளம்பின அன்றைக்கு அசருக்குக் கடைசியாக ஹவுலுக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் ஹாஜியார் உட்கார்ந்தார். தண்ணீரை அள்ளினார். வாய்க்குக் கொண்டுபோகாமல் உள்ளங்கையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். என்ன கண்டாரோ, கையைத் தாழ்த்திப் பீங்கான் பக்கமாகச் சாய்த்து, மெள்ளத் தண்ணீருக்குள்ளேயே விட்டார். இன்னொரு கை அள்ளினார். அதையும் பார்த்தார். அதையும் விட்டார். நான் முகம் கழுவி, கை கழுவி, தலை தடவி, கால் கழுவி எழுந்துவிட்டேன்.

உள்ளே மோதினார், தொழுகை தொடங்குகிறது என்று இகாமத் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஹாஜியார் இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை.